முதல் தரப்புன்னா நான்தானே!

...அய்யய்யோ, அதுல உக்காராதீங்கம்மா! அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி வாங்க, என் பக்கத்துல. போன வாரம் நான் உக்காந்து தொப்புனு விழுந்தேன். வேற யாராவதுன்னா 'ஐயோ, இடுப்பு'ம்பாங்க. நான் என்ன சொன்னேன்ங்கறீங்க? 'கவனக்குறைவு! நஷ்ட ஈடு!' தரையில கெடந்துக்கிட்டே கத்துறேன். அதுவும் எங்க? இதே வக்கீலம்மா ஆபீஸுலயே! அந்தம்மா கதவத் திறந்து எட்டிப் பாத்துட்டு, 'மொதல்ல எழுந்திருங்க, அப்புறமா என்மேல கேஸ் போடலாம்'னாங்க. அப்படி ஆயிட்டேம்மா நான். எட்டாவதோட நின்னவ, எட்டே வாரத்துல ஜட்ஜம்மா ஆயிட்டேன்.

உங்களுக்கு என்ன தொழிலு? ...ஓ, இனிமேதான் ஆரம்பிக்கணுமா! ...பொம்மைக் கடையா? நல்லாருக்குமே. எனக்கு லாண்டரி. பத்தொம்போது வருஷமா. அழுக்குத் துணியப் பாத்தா அது எந்த வீட்டுதுன்னு சொல்லிருவேன், ஆனா மனுஷங்க மனசுல என்ன இருக்குன்னு... சரி, அதுக்கு அப்புறம் வரேன்.

எல்லாம் ஒரு கம்பளிக் கோட்டால வந்த வினைம்மா. ஆறடி ஆளு கொண்டாந்து குடுத்தாரு. நான் சுடுதண்ணியில போட்டுத் தொலச்சுட்டேன். வெளிய எடுத்தா தலகாணிக்கு உறை போடலாம், அவ்ளோதான் இருக்கு. அவரு பாத்தாரு. 'கோர்ட்டுல பாத்துக்கறேன்'னு ஒரே வார்த்தை, போயிட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மூணு நாளு ஷட்டர பாதி எறக்கி வெச்சுட்டுதான் வேலை பாத்தேன். தபால்காரரு வந்தாக்கூட மெஷினுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். காக்கிச் சட்டைய துவைக்கிற கைதான், ஆனா காக்கிச் சட்டைய கண்டா நடுங்குது!

அந்தச் சமயம் பாத்து வியாபாரிங்க சங்கத்துல ஒரு வகுப்பு வெச்சாங்க. 'தொழில் செய்றவங்களுக்கு சட்டம், ஓர் அறிமுகம்'. எட்டு வாரம், வாரம் ஒரு சாயங்காலம். போனேன். சொல்லிக்குடுத்தவரு பாவம், நல்ல மனுஷன். மொத நாளே போர்டுல கோடு போட்டுக் காட்டுனாரு. 'திருட்டு, மோசடி, அடிதடி... இதுக்கெல்லாம் அரசாங்கமே உங்கள இழுக்கும், ஜெயிலும் உண்டு. அது குற்றவியல். உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல வர்ற தகராறு, பொருள் கெட்டுப்போச்சு, பேச்சு மாறிப்போச்சு... அது உரிமையியல், சிவில்'னாரு. நான் எழுந்து நின்னு, 'அய்யா, கோட்டு சுருங்கிப்போனா எந்தப் பக்கம்?'னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. 'வேணும்னே சுருக்கலேல்ல? சிவில்தாம்மா'ன்னாரு. அன்னிக்குத்தான் ஒழுங்கா தூங்குனேன். மறுநாளே கோட்டுக்காரரு வீட்டுக்குப் போயி, மன்னிப்புக் கேட்டு, புதுக் கோட்டு வாங்கித் தந்தேன். அவரு வாங்கிக்கிட்டாரு. பிரச்சினை தீந்துது. அதோட நான் நின்னிருக்கலாம்ல? நின்னேனா? ம்ஹூம்!

ரெண்டாவது வாரம் ஒப்பந்தம். வாயால சொன்னாக்கூட ஒப்பந்தமாயிடலாம்னாரு. போச்சா! அன்னிலேருந்து கடையில யாராவது 'எப்போ கிடைக்கும்?'னு கேட்டா பதிலே சொல்றதில்ல. 'உத்தேசமா, நிபந்தனைக்கு உட்பட்டு, வானிலையப் பொறுத்து...'ன்னு இழுப்பேன். ஒரு பாட்டி, 'ஏண்டி, போர்வைய கேட்டா ரேடியோ மாதிரிப் பேசற?'ன்னுட்டு துணிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் ஒரு வாரம், கடைப் பேரு, முத்திரை, அதையெல்லாம் எப்படிக் காப்பாத்திக்கறதுன்னு சொன்னாரு. என் கடை பேரு 'பளிச்'. ரெண்டு தெரு தள்ளி ஒருத்தன் 'பளிச்பளிச்'னு வெச்சிருக்கான். விடுவேனா? நானே உக்காந்து நோட்டீஸ் எழுதி அனுப்புனேன், நீ என் பேரத் திருடிட்டேன்னு. பதில் வந்துது. அவன் கடை எனக்கு நாலு வருஷம் மூத்ததாம்! படத்தோட அனுப்பிருக்கான். அப்போ திருடி யாரு? ...சிரிங்க, சிரிங்க. என் தம்பியும் சிரிச்சான். அவன்தான் 'ஜட்ஜம்மா'ன்னு பேரு வெச்சதே. தெருவே இப்போ அப்படித்தான் கூப்புடுது.

தம்பின்னா, கூடப்பொறந்தவன். கடை ஆரம்பிச்ச நாளா இஸ்திரி அவன்தான். அவன் மடிச்ச சட்டையில கோடு கத்தி மாதிரி நிக்கும். நான் துவைப்பேன், அவன் தேய்ப்பான். பத்தொம்போது வருஷம் எங்களுக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு கெடையாது... அதத்தான் தப்புன்னு நெனச்சுட்டேம்மா. இல்ல, தப்புதான். ஆனா நான் நெனச்ச தப்பு வேற.

என்னாச்சுன்னா, பக்கத்து வாட்ச் ரிப்பேர்க்காரரு வந்து, 'உங்க தம்பி முக்குல இருக்கற காலிக் கடைய பாத்துட்டிருந்தாரே, தனியாப் போறாரா?'ன்னு கேட்டாரு. தம்பி ஆறடி தள்ளி நிக்கிறான்மா, 'என்னடா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கலியே! அந்த வாரம்தான் தொழிலாளர் சட்டம் நடந்திருந்துது. மாதிரிக்குன்னு வேலை ஒப்பந்தம் ஒண்ணு ஜெராக்ஸ் குடுத்திருந்தாங்க. அதுல, வேலைய விட்டுப் போனா பத்துத் தெருவுக்குள்ள அதே தொழில் செய்யக் கூடாதுன்னு ஒரு வரி. ஆஹா, மாட்டுனாண்டா! அப்படியே பாத்து எழுதிட்டேன். 'முதல் தரப்பு', 'இரண்டாம் தரப்பு'ன்னு ரெண்டு கோடிட்ட இடம் இருந்துது. முதல் தரப்புன்னா நான்தானே! மூத்தவ, முதலாளி. என் பேரக் கொட்டை எழுத்துல போட்டேன். அவன் பேரு கீழ.

வாட்ச்காரரையும் எதிர்த்த டெய்லரையும் சாட்சிக்குக் கூப்புட்டேன். தம்பி வாங்கிப் பாத்தான். அவன் வெரல் வெச்சு மெதுவாப் படிக்கிறவன். ரெண்டு தடவ படிச்சான். என் மூஞ்சியப் பாத்தான். 'அக்கா, நிச்சயமா இதுல கையெழுத்துப் போடணுமா?'ன்னான். 'போடுடா!'ன்னேன். போட்டுட்டான்.

மறுநாள் காலைல கடைக்கு வரேன், தம்பி என் நாற்காலில உக்காந்திருக்கான்! காலு மேல காலு வேற. 'முதல் தரப்பு, எட்டு நிமிஷம் லேட்டு'ங்கறான். வெளையாடறான்னு பாத்தா, தாள நீட்டறான். படிச்சேன். முதல் தரப்பு ஒம்போது மணி நேரம் நின்னு வேலை செய்யணும். முதல் தரப்பு லீவு வேணும்னா இரண்டாம் தரப்புகிட்ட எழுதிக் கேக்கணும். முதல் தரப்பு வேலைய விட்டா பத்துத் தெருவுக்குள்ள துணி துவைக்கக் கூடாது! அந்த மாதிரியில முதல் தரப்புன்னா வேலைக்காரராம்மா! என் கையாலயே, என் பேரயே...

அங்கயே சிரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. 'துரோகி, காலிக் கடைய பாத்தவன்தானே நீ'ன்னு கத்திட்டேன். அவன் எழுந்தான். இஸ்திரிப் பெட்டி பிளக்கைப் புடுங்குனான், வயர ஒழுங்கா சுத்தி வெச்சான். போயிட்டான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அந்த வயர சுத்துன அழகுதாம்மா...

மூணு வாரம் நானே தேய்ச்சேன். இந்தக் கையப் பாருங்க, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு... எல்லாம் சூடு. ஒரு சட்டையில ரெண்டு கோடு விழுது. வக்கீலம்மாகிட்ட ஓடி வந்து, இந்தத் தாள ரத்து பண்ணணும்னேன். அவங்க படிச்சுட்டுக் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. 'இது துணி சுத்தத்தான் ஆகும், பயப்படாதீங்க. உங்களுக்கு உண்மையில என்ன வேணும்?'னாங்க. எப்படித்தான் வந்துதோ, 'என் தம்பி வேணும்'னு வாயில வந்துருச்சு. 'அதுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாதும்மா. நடந்து போங்க'ன்னாங்க.

போனேன். அவன் பொண்டாட்டி கதவத் திறந்து, 'வாங்க அண்ணி... கையில பேப்பர் ஏதும் இல்லியே?'ங்கறா! வெக்கமாப் போச்சு. அவன் உள்ள உக்காந்திருந்தான். 'ஆமாக்கா, தனியாக் கடை போடத்தான் பாத்தேன்'னான். 'உன்கிட்ட சொல்ல ரெண்டு மாசமா வாய் வரல. பத்தொம்போது வருஷமாச்சு, கடை உன்னுது, நான் யாரு?'ன்னான். பங்கு கேக்க அவனுக்கு வாய் வரல. குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லியேம்மா. கூட்டு வியாபாரத்துக்குன்னே ஒரு வாரம் முழுக்க வகுப்பு நடந்துது. முன் வரிசையில உக்காந்து குறிப்பு எழுதுனேன்! அப்பக்கூட அவன் ஞாபகம் வரல. ஊருல எவன் என்னைய ஏமாத்துவான்னே தேடிட்டிருந்தேன். ஏமாத்துனவ என் நாற்காலியிலயே உக்காந்திருக்கா.

...இல்லல்ல, அழல. இந்த ஃபேன் காத்து கண்ணுல அடிக்குது.

இன்னிக்குத்தான் கையெழுத்து. சரிபாதிப் பங்கு. முக்குக் கடையும் எடுக்கறோம், அது அவன் பொறுப்பு. எல்லாம் வக்கீலம்மாவே எழுதிட்டாங்க, நான் பேனாவத் தொடல. தம்பி ஒரே ஒரு வரி மட்டும் சேக்கச் சொன்னான். 'கடைக்குள்ள அக்கா சட்டம் பேசக் கூடாது'ன்னு. சரின்னுட்டேன். கையெழுத்துப் போட்டா வாயத் திறக்க முடியாதுல்ல? அதான், அதுக்குள்ள இருக்கறதயெல்லாம் உங்ககிட்ட... வரிச் சட்டம் இன்னும் சொல்லலியே! அப்புறம் கம்பெனிச் சட்டம், பொம்மைக்குள்ள கூரா ஏதாவது இருந்து கொழந்தைக்குக் குத்துச்சுன்னா யாரு பொறுப்புன்னு... ஏம்மா, எங்க எழுந்து போறீங்க? உங்க முறை இன்னும் வரலியே! ...போன் வந்துதா? மணியே அடிக்கலியே... சரி சரி, பாத்துப் போங்க. படி செங்குத்து!

...போயிருச்சு. நல்ல பொண்ணு. நல்லாக் கேட்டுக்குச்சு.

ஹலோ... டேய், எங்கடா இருக்க? ...கீழயா? எவ்ளோ நேரமா? ...முக்கா மணி நேரமா நிக்கிறியா! மேல வர வேண்டியதுதானேடா? ...ஆமா, சட்டம் பேசி முடிச்சாச்சு. ...இல்லடா, நானா நிறுத்தல. கேட்டுட்டிருந்த பொண்ணே எழுந்து போயிருச்சு. வா.