இண்டூர் மாதேஸ்வரன் மனு

— என்னிய உக்காரச் சொல்லாதீங்க எட்மாஸ்டரு. ராஜமேரி டீச்சரு அந்தப் பொஸ்தகத்த மொதல்ல வெளிய எடுக்கட்டும்.

— மேசை மேல எடுத்து வெச்சுட்டேனுங்க. நீங்க படிச்சீங்களா?

— நக்கலா? மாதேஸ்வரன் கைநாட்டுன்னு இண்டூர்ல ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். எம்மவ நஞ்சம்மா அவ ஆத்தாளுக்குப் படிச்சுக் காட்டுனா. எங்காதுல வுழுந்துச்சு.

— என்னங்க வுழுந்துச்சு?

— ஏதோ ஒரு நாடாம். அங்க பொம்பள என்ன எழுதுனாலும் கீழ ஒரு ஆம்பள கைரேகை வெச்சாத்தான் செல்லுமாம். புள்ளைங்களுக்குக் குடுக்குற சங்கதியா இது?

— கற்பனைங்க. அப்பிடி ஒரு காலம் வந்துடக் கூடாதுன்னு எழுதுனது.

— டீச்சர், நீங்க பேசாம இருங்க. மாதேஸ்வரண்ணே, இன்னியோட அது லைப்ரரியில இல்ல. போதுமா?

— போதாதுங்க. ஒம்பதாவதோட எம்மவள நிறுத்துறேன். பென்னாகரத்துல மாப்ள பாத்தாச்சு. டி.சி. குடுங்க. பொஸ்தகத்த எடுக்கோணும், டி.சி. வேணும், ரெண்டும் இந்த மனுவுல இருக்குது.

— வருசம் எண்பத்தஞ்சாச்சு, இன்னும் பதினாலு வயசுல கல்யாணமாங்க? கிளாஸ்ல அவதான் மொத மார்க்கு.

— ஒனக்கே இன்னும் ஆவல. எம்வூட்டுக் கல்யாணத்துக்கு நீ என்ன யோசன சொல்றது?

— அத வுடுங்கண்ணே. மனு யாரு எழுதுனது?

— அவதான். நான் சொல்லச் சொல்ல எழுதுனா. அழுவான்னு பாத்தேன், அடுத்த வரி என்னன்னு கேட்டா. திருப்பிப் படிச்சுக் காட்டுனா, ஒரு வார்த்த மாறல. அப்பறந்தான் பெருவெரல வெச்சேன்.

— நல்ல புள்ள. குடுங்க. 'அனுமதிக்கப்பட்டது.' கையெழுத்து, சீலு. வேல முடிஞ்சுது. டி.சி. நாளைக்கி வாங்கிக்குங்க.

— படிக்கலீங்களா?

— நீங்க சொன்னதுக்கு மேல அதுல என்ன இருக்கப் போவுது? போயிட்டு வாங்க.

— வரேனுங்க. ஏம்மா டீச்சரு, அந்தப் பொஸ்தகத்த அடுப்புல போடு.

— ஆளு போயாச்சு. என்ன மொறைக்கிறீங்க ராஜமேரி? இன்னொரு தடவ வாயத் தொறந்தீங்கன்னா மேல எழுதி மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவேன். மனுவ ரிஜிஸ்டர்ல காப்பி பண்ணிட்டு, லைப்ரரி லிஸ்ட்ல அந்தப் புத்தகத்துப் பேர அடிங்க.

— அடிக்க முடியாதுங்க சார்.

— ஏன்?

— மனுவுல அப்பிடி இல்லீங்க.

— வேற என்ன இருக்குது? சத்தமாப் படிங்க.

— 'என் மகள் நஞ்சம்மாள் தருமபுரி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை படிக்க முழுமனதுடன் சம்மதிக்கிறேன். இடையில் நானே வந்து கேட்டாலும் டி.சி. தர வேண்டாம். அவள் கேட்கும் புத்தகத்தைக் கொடுக்கவும்.' கீழ ஆம்பள கைரேகை இருக்குதுங்க சார். பக்கத்துல உங்க சீலு.