எதுக்காக மன்னிக்கணும்?

— நிறுத்துங்க பாஸ்டர். நான் தையல் மெஷினை நிறுத்திட்டேன், நீங்களும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. திரும்பச் சொல்லுங்க, யாருக்கு அங்கி தைக்கணும்?

— நம்ம சபை வேன் டிரைவருக்குத்தான் சகோதரி. வர்ற ஞாயிறு ஞானஸ்நானம். நீங்களே தைச்சு, உங்க கையாலயே போட்டுவிட்டு, எல்லார் முன்னாடியும் 'மன்னிச்சிட்டேன்'னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சபைக்கே பெரிய சாட்சியா இருக்கும்.

— என் தம்பி மேல வண்டிய ஏத்தினவருக்கு நான் அங்கி தைக்கணும். துணி நீங்க எடுத்துத் தருவீங்களா, இல்ல அதுவும் நானேதானா?

— கோவம் வேணாம் சகோதரி. கர்த்தருக்குள்ள...

— ஏங்க, அவங்க பேசட்டும். அக்கா, நீங்க முதல்ல உக்காருங்க.

— என் கடையில என்னையே உக்காரச் சொல்றீங்க, பாஸ்டரம்மா! இருக்கட்டும், நின்னே பேசறேன்.

— விசுவாசத்துல எத்தனை நாளைக்குத்தான் தவழ்ந்துக்கிட்டிருப்போம் சகோதரி? எழுந்து நடக்க வேணாமா? மன்னிக்கறதுதான் வளர்ச்சி.

— நான் தவழறேனா? தம்பிய அடக்கம் பண்ணின மறு ஞாயிறே பாட்டுக்குழுவுல வந்து நின்னேன். அவன் வாசிச்ச கீபோர்டை வேற யாரோ வாசிக்க, நெஞ்சு வெடிக்க வெடிக்கப் பாடினேன். அந்த வளர்ச்சி உங்க கண்ணுல படலையா?

— பட்டுது. அதனாலதானே உங்ககிட்ட வந்து கேக்கறேன்.

— அப்ப ஒண்ணு சொல்லுங்க. எதுக்காக மன்னிக்கணும்?

— என்ன சகோதரி, தெரியாத மாதிரி...

— தெரியாதுதான். போலீஸ்ல என்ன எழுதினாங்க? தம்பி கண்ணுமண்ணு தெரியாம சைக்கிள்ல குறுக்க வந்து விழுந்தான், டிரைவர் மேல தப்பே இல்ல. அடக்க ஆராதனையில நீங்களும் அதைத்தானே பூசி மெழுகிச் சொன்னீங்க, வாலிபப் பிள்ளைங்க ரோட்டுல ஜாக்கிரதையா போகணும்னு? பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து கேட்டேன். தப்பே செய்யாதவரை நான் எதுக்கு மன்னிக்க? அவர்தான் என் தம்பிய மன்னிக்கணும்!

— அப்படியில்ல... விபத்துன்னா ரெண்டு பக்கமும்...

— ஒரு பக்கம் மண்ணுக்குள்ள கெடக்குது பாஸ்டர்.

— ஏங்க, அக்கா கேக்கறது நியாயந்தானே? தப்பே இல்லன்னா மன்னிப்பு எதுக்கு?

— நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது.

— எனக்குத் தெரியும் பாஸ்டரம்மா. பிரேக் பிடிக்கலைன்னு அந்த டிரைவர் வாய் வலிக்கச் சொல்லியிருக்காரு. கன்வென்ஷன் கூட்டம் முடியட்டும், கர்த்தர் பாத்துப்பாருன்னு ஓட்டச் சொன்னது இவரு. அப்புறம் ஸ்டேஷன்ல என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்ததும் இவரு. தம்பி ஓரமாத்தான் போனானாம். ஓரமா! ஊரே அவனைக் கண்ணு தெரியாதவன்னு பேசுச்சு, நான் வாயை மூடிக்கிட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

— யாரு இதெல்லாம் உங்ககிட்ட சொன்னது? பிசாசு இப்படித்தான் சபைய உடைக்கும்...

— பிசாசு இல்ல, உங்க டிரைவரு. நேத்து சாயங்காலம் வந்து நீங்க நிக்கற இடத்துலதான் நின்னாரு. பொத்துன்னு தரையில உக்காந்து அழுதாரு.

— வண்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னு என்கிட்ட சொன்னீங்களேங்க?

— சபை பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான்... சகோதரி, யோசிங்க. எத்தனை ஆத்துமாக்கள் இடறிப் போகும்! நீங்க மனசு வெச்சு அவரை மன்னிச்சிட்டா இதோட முடிஞ்சுடும்.

— நேத்தே மன்னிச்சாச்சு. இங்கயே, ஒருத்தரும் கைதட்டாம. அப்புறம் அவர் ஒண்ணு கேட்டாரு. 'அக்கா, பாவ அறிக்கை செஞ்சுட்டுத்தான் தண்ணியில இறங்கணும்னு பாஸ்டர் பாடம் எடுத்தாரே, உங்ககிட்ட மட்டும் சொன்னா போதுமா?'ன்னு.

— நீங்க... நீங்க என்ன சொன்னீங்க?

— நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'போதாது, நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போறேன்'னு அவரே சொல்லிட்டு எழுந்தாரு. இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்து மிச்சத்தையும் சொல்லிக்கிட்டிருப்பாரு, பாஸ்டர்.