தண்ணீருக்கு என்ன நோய்

தண்ணீர் வேண்டாம் ஐயா, தாகமில்லை. நீங்கள் குடியுங்கள். யாரையும் கட்டாயப்படுத்திப் பழக்கமில்லை எனக்கு.

நீரேற்று நிலையத்தில் நானும் என் தங்கையின் கணவரும் ஒரே ஷிப்ட். அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அங்கே குளோரினை யாரும் குளோரின் என்று சொல்வதில்லை, மருந்து என்பார்கள். “மருந்து விட்டாச்சா?” என்று தினமும் பொறியாளர் கேட்பார். நானும் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அந்தச் சொல் உறைத்தது. நோய் இருந்தால்தானே மருந்து? தண்ணீருக்கு என்ன நோய்? மருந்து வைத்து ஆளை மயக்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? ஊரே ஏன் தலையாட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்று விளங்கியது.

மாப்பிள்ளையிடம்தான் முதலில் சொன்னேன். சிரித்தார்.

“கொசு மருந்து அடிக்கிறோமே மச்சான், கொசுவுக்குக் காய்ச்சலா?”

ஷிப்டில் கூட இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பதில் அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் எனக்கு உதைத்தது. முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டவனுக்குத்தான் பதில் நாக்கு நுனியில் இருக்கும்.

யாருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்தினேன். கீழ்த்தெருவில் வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு குழந்தைகள் போய்விட்டன. உள்ளே சேர்ந்த விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்.

மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார்.

“பச்சப் புள்ளைங்க மச்சான். உங்க தங்கச்சி முகத்துக்காகத்தான் முதல்ல உங்ககிட்ட வந்தேன். நாளைக்கு நீங்களே பொறியாளர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்.”

குரலில் கோபம்கூட இல்லை. எவ்வளவு தூரம் அவரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அன்று மாலையே மருந்து அறையில் வாயு உருளையின் திருகைத் தளர்த்தினேன். வாடை வந்ததும் மாப்பிள்ளை முகமூடியைத் தேடினார். அதை நான் எடுத்து வைத்திருந்தேன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, திருகை மூட உள்ளே ஓடினார். பொறுப்பான மனிதர், அதை மறுக்க மாட்டேன். மருந்துக்குப் பரிந்து பேசினாரே, அந்த மருந்தோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன்.

கதவைத் தட்டினார். “மச்சான், நீங்க சொன்னதுதான் சரி. ஒத்துக்கறேன். திறங்க மச்சான்.”

மனம் குளிர்ந்தது. என் வீட்டில் ஒருவர்கூட அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால் வாயால் ஒத்துக்கொள்வது வேறு, உணர்ந்து ஒத்துக்கொள்வது வேறு. உணரட்டும் என்று காத்திருந்தேன்.

நான் கதவைத் திறந்தபோது அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.