உருண்டை டீச்சர் காட்டிய வடக்கு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் கலங்கிய கண்களோடு அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, மகளே! பின்வரிசையில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் மூன்றாம் வகுப்புச் செல்வங்களே! கணக்கு வாத்தியாரின் கனத்த வணக்கம்.

புவியியல் பேரொளி, எங்கள் உருண்டை டீச்சர் மறைந்துவிட்டார்! உருவத்தை வைத்து வந்த பெயரல்ல அது. ஆள் ஒட்டடைக் குச்சி. கையில் எந்நேரமும் ஓர் உலக உருண்டை இருக்கும், அவ்வளவுதான்.

உலகத்தையே கையில் வைத்திருந்தவருக்கு வழி தெரியுமா? தெரியாது! எங்கள் பள்ளியில் இருப்பதே ஒற்றைத் தாழ்வாரம். அதிலும் தொலைந்து போவார். என் வகுப்புக்குள் விறுவிறுவென்று நுழைந்து, கடல்களைப் பற்றிப் பொழிந்து தள்ளிய பிறகுதான் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு இருப்பது கண்ணில் படும். "ஐயையோ, இது உங்க வகுப்பா சார்?" என்பார். என் மாணவர்களில் ஒருவனாவது முன்கூட்டியே சொல்லியிருப்பானா? மூச்! வகுத்தலிலிருந்து தப்பிக்கக் கடலில் குதிக்கவும் தயாராக இருந்தார்கள்.

"கல்யாணமான புதுசுல ரொட்டி வாங்கப் போனா. மூணு தெரு தள்ளி ஒரு தையல் கடையில உட்கார்ந்திருந்தா" என்று அவர் கணவர் இன்று காலை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார். "வடக்கு எங்கே?" என்றார். வகுப்பு மொத்தமும் கூரையைக் காட்டியது! "தெற்கு?" அத்தனை விரலும் தரையைக் காட்டின! பிள்ளைகள் மேல் என்ன பிழை? சுவரில் தொங்கிய படத்தில் வடக்கு மேலேதானே இருந்தது?

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க? இந்த பீரியடையும் கணக்குக்கே குடுத்துடுங்க" என்றார். வாசலில் நின்ற எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. டீச்சரின் முகமோ செத்துப்போனது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"ஒரு வாரம் குடுங்க சார். திரும்ப வந்து கேளுங்க."

அன்றே நாற்காலி மேல் ஏறினார். அந்தப் படத்தைக் கழற்றித் தரையில் விரித்தார். அதன் வடக்கு, உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். (சூரியன் உதிக்கும் பக்கத்தைக் காவலாளியிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.) பிள்ளைகள் அதைச் சுற்றிக் குப்புறப் படுத்து நாடுகளுக்குள் ஊர்ந்தார்கள். பிறகு தெருவுக்குப் போய், ரொட்டிக்கடை, தபால் நிலையம், கடிக்கிற நாய் எல்லாவற்றையும் குறித்து, தங்கள் கையாலேயே ஒரு படம் வரைந்தார்கள்.

அதிகாரி சொன்னபடி வந்தார். காலணியோடு நாலடி வைத்தார். ஒரு சிறுமி பதறிக் கத்தினாள்: "சார், சார்! கடல்ல நிக்கிறீங்க!" அவ்வளவு பெரிய மனிதர் துள்ளிக் குதித்துக் கரையேறினார், ஐயா! என் கண்ணால் பார்த்தேன்!

"வடக்கு எங்கே?" என்றார். எல்லா விரலும் ஜன்னலை நோக்கி நீண்டன. ஆனாலும் அவருக்குச் சந்தேகம். "ஜன்னலை மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. தபால் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க பார்க்கலாம்."

புறப்பட்டது படை. வாசலைத் தாண்டியதும் டீச்சர் கம்பீரமாக வலப்பக்கம் திரும்பி நடந்தார். வகுப்பே கூவியது: "டீச்சர்! அது கிழக்கு! நாம மேற்கே போகணும்! அந்தப் பக்கம் நாய் இருக்கு!" டீச்சர் சட்டென்று திரும்பி வந்தார். பிள்ளைகள் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, அதிகாரியும் நாங்களும் பின்னே நடந்தோம். தபால் நிலையம் வந்தது!

அதிகாரி கேட்டார்: "என்னம்மா, உங்களுக்கே திசை தெரியலையே?"

"எனக்குத் தெரியாது சார். அவங்களுக்குத் தெரியுது இல்ல? அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?"

தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தனக்கு வராததைப் பிள்ளைகளுக்கு வரவழைத்தவர் எத்தனை பேர்? பீரியடைப் பிடுங்கும் பேச்சை அதிகாரி அத்தோடு விட்டார். புவியியல் பிழைத்தது. கணக்குக்கு ஒரு பீரியடும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு, தலைவர் அவர்களே, நான் இன்று நன்றி சொல்கிறேன்.

போன வாரம் மைதானத்து மூலையில் மணலைக் குவிக்கச் சொல்லியிருந்தார். மலையிலிருந்து ஆறு எப்படி இறங்கி வருகிறது என்று தண்ணீர் ஊற்றிக் காட்டப் போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் அந்த இதயம் நின்றுவிட்டது. மணல் அப்படியே கிடக்கிறது. "எப்ப சார் ஆறு வரும்?" என்று நேற்று ஒருவன் கேட்டான்.

அன்பர்களே! அந்த வாக்கு அந்தரத்தில் நிற்கலாமா? நிற்கக் கூடாது! புது ஆசிரியர் வரும்வரை அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். நாளை முதல் பீரியடில் வாளியைத் தூக்குவது இந்தக் கணக்கு வாத்தியார்தான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நாளை மாலை பிள்ளைகள் தலையிலிருந்து கால்வரை சேறாக வீட்டுக்கு வருவார்கள். அடித்துவிடாதீர்கள். அது அழுக்கல்ல, ஆறு!