ஷாஃப்ட் வளையவில்லை

என் கோபத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்திருக்கும் அவைத்தலைவர் திருமூர்த்தி அவர்களே! இரும்போடு மல்லுக்கட்டியே தலை நரைத்த பெரியோர்களே! பட்டறைப் புகையிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களே! நம் கணபதி பகுதி வீதிகளையெல்லாம் காலியாக்கிவிட்டு வந்திருக்கும் தோழர்களே! வணக்கம்.

கண்ணைச் சோதிக்கும் செல்போன் செயலியைத் தொடங்கி வைக்க அழைத்தீர்கள். வாழ்த்த வரவில்லை, வசைபாட வந்திருக்கிறேன்! யாரை? முதலில் என்னை.

முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்திருக்கிறாரே காளிச்சாமி, இருபத்தாறு ஆண்டுகள் என் பட்டறையில் லேத் ஓட்டியவர். சென்ற ஆண்டு ஒருநாள், கடைந்தெடுத்த இரும்புத் தண்டு, நேரான ஷாஃப்டை எல்லாம் வளைந்திருக்கிறது என்று ஒதுக்கினார். அளந்து பார்த்தேன், ஒன்றிலும் கோணல் இல்லை. "ஏனுங்க, காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். கேட்ட வாய் இதுதான்!

மருத்துவமனைக்குப் போனார். நேரானதெல்லாம் வளைந்து தெரிகிறது என்று சொன்னார். பலகையில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், படித்தார். எழுத்துதான் தெரிகிறதே என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை மருத்துவர் என்ன தொந்தரவு என்று கேட்டபோது நம் காளிச்சாமி சொன்ன பதில் தெரியுமா? "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்." ஏன்? வெளியே கூட்டம் நிற்கிறதாம், அவருக்கு எதற்குச் சிரமமாம்! சிரிக்காதீர்கள். நீங்களும் இதையேதான் சொல்லிவிட்டு வருவீர்கள். மரியாதை, மரியாதை என்று வலது கண்ணின் நடுப்பார்வையையே பறிகொடுத்தோமே!

பிறகு இங்கே நடந்த கண் முகாமுக்கு வந்தார் கண் பரிசோதகர் ஜன்னத். இந்தச் செயலியில் நேரான ஷாஃப்ட் படத்தைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிறபடி அதை விரலால் இழுத்து வளைத்துக் காட்டச் சொன்னார். காளிச்சாமி இழுத்தார். இடது கண்ணிலும் கோடு நெளியத் தொடங்கியிருந்தது. அவர் வளைத்துக் காட்டிய அந்தப் படம் மருத்துவரின் மேசைக்குப் போனது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரமே கண்ணில் ஊசி போட்டார்கள், இடது கண் தப்பியது. நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். இந்த நெளிசலை வைத்துக்கொண்டா மனிதர் என்னிடம் வேலை பார்த்தார் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

மனிதன் வாயால் சொன்னால் நம்பாத உலகம், போன் காட்டினால் நம்புகிறதே! இது வளர்ச்சியா, வெட்கக்கேடா? இந்தச் செயலியை வீட்டுக்கு வீடு ஏற்றுங்கள். படத்தைக் காட்டுங்கள். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்! "பரவாயில்லீங்க" என்ற சொல்லை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்!

அன்று நாலு பேர் முன்னால் கேட்டேன். இன்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: "காளிச்சாமியண்ணா, நீங்க சொன்னது நெசமுங்க. என்னை மன்னிச்சுப்போடுங்க."

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. இனியாவது காது கொடுக்கப்போகும் மருத்துவர்களுக்கு என் வணக்கம்.