பேதுருவுக்கு ஆர் பிணை?

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மறைந்த எங்கள் தலைவர் பேதுருவின் துணைவியார் மார்த்தா அக்கா அவர்களே, இலுப்பைக்கடவை மக்களே! கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் பெனடிக்ற் பேசுகிறேன். மேடையில் இன்னொருவரும் இருக்கிறார். அவரைக் கொஞ்சம் பொறுத்து விளிக்கிறேன்.

எங்கள் தலைவர் பேதுரு அவர்கள் நோயால் இறந்தார் என்கிறீர்கள். நோய் மட்டுமா?

தொண்ணூறாம் ஆண்டு, ஆமியின் செல்லடிக்குள் ஒரு குடும்பத்தை வள்ளத்தில் ஏற்றும்போது குண்டுத்துண்டு பட்டு அவருக்குத் தொடையில் காயம். வருசங்கள் கழித்து அதே தொடையில் ஒரு கட்டி எழும்பியது. "பழைய செல் பீஸ்தான், கிடக்கட்டும்" என்றார். நாங்களும் ஓம் என்றோம். இந்தக் கரையில் செல் துண்டைச் சுமக்காத உடம்பு எத்தனை? நோவில்லாத கட்டி தேங்காயளவு ஆன பிறகுதான் டொக்டர் அம்மாவிடம் காட்டினார்.

"இரும்பு வளருமோ? இது சார்கோமா, தசையில வாற புற்றுநோய். இப்பவே கொழும்புக்குப் போனால் வெட்டி எடுக்கலாம்" என்றார் அவர்.

ஆமியின் எல்லையைத் தாண்டிப் போகப் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஆமிப் பக்கம் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பெரியமடுச் செல்லாயிக்கு விடாத காய்ச்சலும் பல் முரசில் இரத்தமும் கண்டு, இரத்தப் புற்றுநோய் என்றபோது பிணைக்கு ஆள் தேடி அலைந்தவர் யார்? பேதுரு! மருந்தேற்றி, தலைமயிர் கொட்டி, மாதக்கணக்காகக் கிடந்த செல்லாயி இன்று கொண்டை போட்டு முன்வரிசையில் இருக்கிறார்.

கிறகரி அவர்களே! தொண்ணூறில் அந்த வள்ளத்தில் ஏறிய குடும்பம் உங்களுடையது. "மச்சான், நீ வா, நான் சென்றியில நிக்கிறன்" என்று ஆமிப் பக்கம் மன்னாரிலிருந்து சொல்லி அனுப்பினீர்கள். பேதுரு அந்த ஆமிக் காவலரணில் தடியூன்றி வெயிலில் நின்றார். தழும்பைக் கண்ட ஆமிக்காரன் "கொட்டியா?" என்று, புலியா என்று சிங்களத்தில் கேட்டான். இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல ஒரு வாய் இருந்ததா? நீங்கள் வரவில்லை! அடுத்த முறையும் வரவில்லை! நோய் நுரையீரலுக்குப் போனது. சண்டை நின்று பாதை திறந்தபோது அவருக்கு மூச்சுவிடவே முடியவில்லை. இன்று மாலையோடு வந்திருக்கிறீர்கள்.

"கிறகரி பயந்திருப்பான், பாவம்" என்றுதான் பேதுரு அண்ணை சொன்னார். எனக்கு அந்த மனம் இல்லை, சபையோரே!

வளருகிற கட்டியை இனி யாரும் பீஸ் என்று சொல்லிப் படுக்காதேங்கோ. சங்கத்துக்கு வாங்கோ. அவர் விட்ட வேலையை நாங்கள் செய்வோம். ஆனால் இந்தப் பாதை நாளைக்கே பூட்டலாம், பூட்டினால் அந்தப் பக்கம் ஆள் வேண்டும்.

கிறகரி அவர்களே, மாலையைக் கீழே வையுங்கோ. இனி வாற நோயாளருக்கு நீங்கள் பிணை நிற்பீர்களா? மார்த்தா அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ.