சிரட்டைக்குள் அடங்கியது

அஜந்தன்: நிப்பாட்டு, நிப்பாட்டு. ஒன்னப் பத்திச் சொல்லுன்னா, ஒங்க அப்பா தோட்டத்துல எந்த டிவிஷன்ல பொறந்தாருங்கிறதுலேர்ந்து ஆரம்பிக்கிற.

தனுஜா: நம்ம ஆளுக அப்படித்தானேங்க சொல்லுவாங்க? யாரு மக, யாரு பொண்டாட்டி, எந்த லயத்து வீடு...

அஜந்தன்: மாலைதீவு ஹோட்டல்ல இருக்கிற மேனேஜர் சேருக்கு நம்ம லயம் எதுக்கு? நாளைக்கு இன்டர்வியூல நீ இப்படி இழுத்தா அவரு போனை வச்சிருவாரு.

தனுஜா: ருவான்வெல்லை இங்கிலீஷ் கிளாஸுல ஸாஹிரா மிஸ்ஸும் அதான் சொன்னாங்க. "இன் எ நட்ஷெல்"னு ஆரம்பிச்சு, ரெண்டே பேச்சுல முடிக்கணுமாம்.

அஜந்தன்: அப்படின்னா?

தனுஜா: ஒரு கொட்டையோட ஓட்டுக்குள்ள அடங்குற அளவுக்குச் சொல்றது. சுருக்கமா சொன்னா இதுதான்... அந்த மாதிரி.

அஜந்தன்: ஓ... நம்ம பால் செரட்ட மாதிரியா?

தனுஜா: எப்படி?

அஜந்தன்: ரப்பர் மரம் எவ்வளவு ஒசரம் நிக்கிது. நான் வெட்டுனா கெடைக்கிறது ஒரு செரட்டப் பாலுதானே.

தனுஜா: ஆமா, கிட்டத்தட்ட அதுதான்.

அஜந்தன்: செரட்ட நெறஞ்சா மிச்சம் கீழ வழிஞ்சிருமே...

தனுஜா: வழியட்டும். கேக்கிறவங்களுக்கு மிச்சம் வேணாம். நீங்க கேள்வியக் கேளுங்க.

அஜந்தன்: ஹரி, சரி. இப்ப நான்தான் சேர். தனுஜா, ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க? நட்ஷெல்ல சொல்லுங்க.

தனுஜா: இன் எ நட்ஷெல் சேர்... மக படிக்கணும். எங்க வீட்டுக்காரரு பால் வெட்டுறாரு. மழ பேஞ்சா வெட்டு இல்ல. போன மாசம் பூரா மழ, அதுலயும் அந்த...

அஜந்தன்: பாரு, திரும்பவும் லயத்துக்கே வந்துட்ட.

தனுஜா: சிரிக்காதீங்க... சரி. மக படிக்கணும் சேர். அவ்வளவுதான்.

அஜந்தன்: குட். ரெண்டு வருஷம் லீவு இல்ல. இருப்பீங்களா?

தனுஜா: இருப்பேன் சேர்.

அஜந்தன்: மக அம்மாவக் கேட்டு அழுதா?

தனுஜா: அவங்க அப்பா பாத்துக்குவாரு சேர். தல மட்டும் கோணையாப் பின்னி விடுவாரு.

அஜந்தன்: ம்... கடைசிக் கேள்வி. ஒங்க வீட்டுக்காரருக்கு இதுல சம்மதமா?

தனுஜா: அடுத்த கேள்விக்குப் போங்க சேர்.

அஜந்தன்: சொல்லுங்க தனுஜா.

தனுஜா: வேற ஏதாச்சும் கேளுங்க.

அஜந்தன்: இத அவங்க கட்டாயம் கேப்பாங்க.

தனுஜா: கேட்டுட்டாங்க.

அஜந்தன்: எப்ப?

தனுஜா: நேத்து. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போனேன். ஏஜென்ஸியில வச்சு போன்லயே இன்டர்வியூ நேத்தே முடிஞ்சிருச்சுங்க. அவருக்குச் சம்மதம்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒங்ககிட்ட ஒரு வாட்டிகூட நான் அதக் கேட்டதில்ல... வேணாம்னுருவீங்களோன்னு பயம்.

அஜந்தன்: அப்புறம் எதுக்கு நாளைக்குன்னு சொல்லி என்னைய சேரா ஆக்குன?

தனுஜா: இந்தக் கேள்விய நீங்க வாயால கேப்பீங்க. அப்ப ஒங்க மூஞ்சியப் பாக்கலாம்னுதான்.

அஜந்தன்: பாத்தியா?

தனுஜா: பாத்தேன். ஒண்ணும் வெளங்கல.

அஜந்தன்: எனக்கு முன்னுக்கே தெரியும் தனு. மத்தியானம் பால் ஸ்டோருல நிக்கிறப்ப ஏஜென்ஸிக்காரரு போன்ல கோல் எடுத்தாரு. ஒன்ன வேலைக்கு எடுத்துட்டாங்களாம்.

தனுஜா: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

அஜந்தன்: நீ போனப்புறம் இப்படி எதுக்க ஒக்காந்து யாரு என்கூடப் பேசப் போறா...

தனுஜா: அவருகிட்ட என்ன சொன்னீங்க?

அஜந்தன்: அவரும் அந்தக் கேள்வியத்தான் கேட்டாரு. அனுப்புறீங்களான்னு.

தனுஜா: நீங்க...?

அஜந்தன்: அப்ப எனக்கு நட்ஷெல்லு தெரியாது. ஆனா அப்படித்தான் சொல்லியிருக்கேன். "அனுப்புறேன்"னு. செரட்ட புடிச்சது அவ்வளவுதான்... கீழ வழிஞ்சத நீ திரும்பி வந்தப்புறம் சொல்றேன்.